மடுல்சீமை மலையில் நடையும் சில்லும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அரசர்களின் ஆட்சியாண்டுகளையும் போர்களையும் சட்டங்களையும் முறைப்படி குறித்து வைப்பர். விடிந்ததும் ஒரு மனிதன் தன் வீட்டு வாசலை விட்டு இறங்கி, வேலை செய்யும் இடத்துக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தான் என்பதை அவர்கள் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஆயினும் அந்தச் சிறு பயணத்திலே ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு அடங்கிக் கிடக்கக் காணலாம். குதிரைமேல் போனவர் யார், சில்லின்மேல் போனவர் யார், வெறுங்காலோடு நடந்தவர் யார் என்று கேட்டால், ஓர் ஊரின் கதை பாதிக்குமேல் விளங்கிவிடும். ஊவா மாகாணத்து மடுல்சீமை அவ்வாறு கேட்டுப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்ற ஊர்.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 670 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அங்கிருந்து கிழக்கே பசறைக்குச் சென்று, பசறையையும் தாண்டி வளைந்து வளைந்து மலையேறினால் மடுல்சீமைத் தொடரை அடையலாம். அத்தொடரின் கிழக்குப் புறம் திடீரென்று செங்குத்தாக இறங்கித் தாழ்நிலத்தோடு கலக்கிறது. பிட்டமாறுவைப் பக்கத்து மலை விளிம்பை இக்காலத்து உல்லாசப் பயணிகள் ‘சின்ன உலக முடிவு’ என்று அழைப்பது அதனாலேதான். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் 6 அல்லது 7 பாகை குறையும் என்பது இயற்கையின் கணக்கு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அந்தக் குறைவோடு மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்கின்றன. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருகிறது. மார்கழிக் குளிரோ தேயிலைக்கு ஒன்றும் தருவதில்லை. அதைத் தாங்குவது தொழிலாளியின் உடம்பு ஒன்றே.

இம்மலைக்குத் தோட்டம் வந்தது தேயிலையோடு அன்று, கோப்பியோடு. 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் மடுல்சீமையைச் சேர்ந்த கலூலா என்னும் தோட்டமாகும். இலையின் அடிப்புறத்திலே மஞ்சட் பொடி போலத் தோன்றிய அந்தப் பூஞ்சணத்தைப் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் அதிபர் துவெய்ற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். அறிஞர் பார்க்லி அதனை ஆராய்ந்து பெயரிட்டார். அடுத்த 20 ஆண்டுகளுக்குள் கோப்பி பெரும்பாலும் மறைந்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, வெறுமையாகிக் கிடந்த சரிவுகளிலெல்லாம் பரவிற்று. ரோபெரி, பட்டாவத்தை, கொக்காகலை முதலிய தோட்டப் பெயர்கள் மடுல்சீமை மக்களின் நாவில் ஊர்ப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

இந்தப் பயிர் மாற்றம் வேலைக்குப் போகும் வழியையும் மாற்றிவிட்டது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்திலேதான் ஆட்கள் பெருந்தொகையாக வேண்டும். ஆதலால் தென்னிந்தியத் தொழிலாளர் பருவத்தோடு வந்து பருவத்தோடு திரும்பினர். அவர்கள் வந்த வழியோ கொடிய வழி. மன்னார்க் கரையில் இறங்கி, நீரும் நிழலும் அரிதான காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தனர். கொள்ளை நோயிலும் பசியிலும் பலர் வழியிலேயே மடிந்தனர். மாத்தளையை அடைந்தவர்களுள் ஊவாவுக்கு வரவேண்டியவர்கள் மேலும் மலைத்தொடர்களைக் கடந்தாக வேண்டும். தேயிலையின் இயல்பு வேறு. அது ஆண்டு முழுவதும் துளிர்க்கும். சில நாட்களுக்கு ஒருமுறை அதே செடியில் கொழுந்தெடுக்க வேண்டும். எடுத்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். எனவே, தொழிலாளி நாள்தோறும் விடியற்காலையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கருதினர்.

அதற்கு அவர்கள் கண்ட விடைதான் லயம். 10 அடிக்கு 12 அடி என்று சொல்லப்படும் ஒற்றைக் காம்பிராக்களை வரிசையாகக் கட்டி, தேயிலை மலைக்கு நடுவிலேயே மக்களைக் குடியேற்றினர். வேலைக்குப் போகும் தூரத்தைப் பாதையாலும் வண்டியாலும் குறைப்பது உலக வழக்கம்; இங்கோ வீட்டையே வேலைத்தலத்துக்குள் கொண்டுபோய் வைத்துத் தூரத்தைக் குறைத்தார்கள். அதன் பயனாக வீடும் வேலையும் ஒரே எல்லைக்குள் அடங்கின. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் பல தலைமுறைகளைக் கட்டிப் போட்டது. மலைநாட்டில் பாதைகளின் கதையைப் பேசும்போது இந்த உண்மையை மறக்கலாகாது. இங்கே பாதை குறைந்திருந்ததற்குக் காரணம் மலை மட்டுமன்று. தொழிலாளிக்குப் பாதை தேவை என்ற எண்ணமே எழாதபடி வாழ்க்கை அமைக்கப்பட்டிருந்தது.

எல்லைக்குள் அடங்கிய தூரமும் சிறு தூரமன்று. வைகறை இருளிலே தப்பு முழங்கும். அந்த ஒலியைக் கேட்டு எழுந்த பெண்கள் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, பெரட்டுக் களத்துக்கு ஓடவேண்டும். தலையிலே கம்பளி, இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை. இவையே குளிருக்கும் மழைக்கும் அவர்களுக்கு இருந்த காப்பு. மழையில் நனைந்த கம்பளி, உலர்ந்த கம்பளியைப் போல் இருமடங்கு பாரமாக அழுத்தும். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தபின், ‘இன்றைக்கு இன்ன மலை’ என்று கணக்கப்பிள்ளை சொல்வார். அந்த மலை லயத்தின் பின்புறத்திலும் இருக்கலாம். இரண்டு ஏற்றங்களுக்கு அப்பாலும் இருக்கலாம். பனி தோய்ந்த புல்லிலே, அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதையிலே நடக்கும் அந்த நேரம் வேலை நேரத்தில் சேராது. பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவதும், அரைப்பேர் போடுவதும் தோட்டங்களில் வழக்கமாக இருந்தன. நடை தொழிலாளியின் செலவு. நடை தாமதித்தால் வரும் நட்டமும் தொழிலாளியுடையதே. அந்த விடியற்காலை முழக்கத்தைப் பின்னாளில் இலக்கியத்தில் பதிவு செய்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். ஊவாவிலே பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் கதைகளிலும் லயத்து வாழ்வின் உள்முகம் தெளிவாகத் தெரிகிறது.

மடுல்சீமையில் கோப்பி நோயுற்ற அதே காலத்தில் ஐரோப்பாவிலே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1817இல் ஜெர்மனி நாட்டின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், காலால் நிலத்தை உந்தி ஓட்டும் இருசில்லு வண்டி ஒன்றைச் செய்து காட்டினார். 1860களில் பாரிஸ் நகரத்தார் அதன் முன்சில்லிலே மிதிகட்டையைப் பொருத்தினர். 1885இல் இங்கிலாந்தின் கொவென்ற்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி, ஒரே அளவான இரு சில்லுகளையும் பின்சில்லைச் சுழற்றும் சங்கிலியையும் உடைய வண்டியைச் செய்தார். இன்று வரை நிலைத்திருக்கும் துவிச்சக்கர வண்டியின் உருவம் அதுவே. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த றப்பர் ரயரை அமைத்தார். அதன் பின்னர் துவிச்சக்கர வண்டி செல்வரின் விளையாட்டுப் பொருளாயிருந்த நிலை மாறி, ஐரோப்பிய ஆலைத் தொழிலாளியின் வாகனமாயிற்று.

இந்தக் கதையிலே இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த றப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளுள் பெரும்பங்கு 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. உலகத்துச் சில்லுகள் ஓடுவதற்கு வேண்டிய பாலை இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளர் வெட்டி வடித்தனர். வெட்டியவர்களுக்கோ சில்லு கிட்டவில்லை. அவர்கள் நடந்தே சென்றனர்.

இலங்கையிலே துவிச்சக்கர வண்டி வேரூன்றிய இடம் சமநிலம். யாழ்ப்பாணத்தில் உத்தியோகஸ்தரும் ஆசிரியரும் கமக்காரரும் ஒருசேர அதனைத் தம் உறுப்புப் போல் ஆக்கிக்கொண்டனர். றலி, ஹம்பர் என்னும் பெயர்கள் அங்கே வீட்டுப் பெயர்களைப் போல் வழங்கின. மலைநாட்டிலோ நிலைமை வேறு. தோட்டத்துத் துரை குதிரைமேல் வந்தார். காலம் மாறியபோது மோட்டார் சைக்கிளிலும் பின்பு காரிலும் வந்தார். வண்டிப் பாதை ஓரளவு சமமாகச் சென்ற இடங்களில் தோட்ட உத்தியோகஸ்தரும் ஆசிரியரும் கடைக்காரரும் துவிச்சக்கர வண்டி வைத்திருந்தனர். தோட்டத்துத் தபாற் பையைச் சுமந்தவர் நடந்தார்; கொழுந்தெடுத்தவரும் நடந்தார். குதிரை, மோட்டார், சில்லு, வெறுங்கால் என்ற இந்த வரிசை தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தின் வரிசையோடு ஏறக்குறைய ஒத்திருந்தது.

மலையிலே துவிச்சக்கர வண்டி ஓட்டுவதன் அருமையை அறியாதார், சோம்பலே தடை என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. பல்லிணைப்பு மாற்றும் வசதியில்லாத பழைய வண்டி ஏறத்தாழ 20 கிலோ எடை உள்ளது. ஏற்றத்திலே அது மனிதனைச் சுமப்பதில்லை. மனிதனே அதைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இறக்கத்திலே வேறு ஆபத்து. இரும்பு விளிம்பின்மேல் மழைநீர் படிந்துவிட்டால் பிரேக்குக் கட்டையின் பிடி பெரிதும் தளர்ந்துவிடும். வழுக்கிக்கொண்டே போகும் வண்டியை அடுத்த வளைவுக்குள் நிறுத்துவது அரிது. குளிரிலே விறைத்த விரல்களோ பிரேக்கை அழுத்தவும் மறுக்கும். டைனமோ விளக்கின் செயல் இன்னும் விசித்திரமானது. சில்லு விரைந்து சுழன்றால் அது பிரகாசிக்கும். மெல்லச் சுழன்றால் மங்கும். விடியுமுன் மூடுபனியில் ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிச் செல்பவருக்கு, வெளிச்சம் மிகவும் வேண்டிய அந்த வேளையிலே விளக்கு மின்மினிபோல் மினுங்கும். எதிரே கொழுந்து லொறி வந்தால், லொறிச் சாரதியின் கண்ணுக்கு அவர் தென்படுவாரோ மாட்டாரோ?

ஊவாவின் பெரும் பாதை புகையிரதப் பாதையே எனலாம். கொழும்பிலிருந்து 1867இல் கண்டியை எட்டிய புகையிரதம், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்து, 1924இல் பதுளையில் முடிவுற்றது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் உச்ச ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 அடி ஓடினால் ஓரடி ஏறும். அந்த அளவை மீறாதிருக்கவே தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. 1921இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண இன்று உலகத்தின் நாற்றிசையிலிருந்தும் மக்கள் வருகின்றனர். தேயிலைப் பெட்டி வழுக்காமல் துறைமுகம் போய்ச் சேர்வதற்கு இத்துணை நுட்பமாக ஏற்றம் அளந்த அதே காலத்தில், லயத்திலிருந்து மலைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையின் ஏற்றத்தை அளந்தவர் எவருமில்லை.

தோட்டப் பாதைக்கு மற்றொரு தன்மையும் உண்டு. அது தனியார் பாதை. அனுமதியின்றி நுழைவது குற்றமாகக் கொள்ளப்பட்டது. தொழிற்சங்கத்தைக் கட்டியெழுப்ப முயன்ற கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்றார் என்று சொல்வர். தொழிலாளியின் கடிதமும் அவன் காம்பிராவுக்கு நேரே வராது. தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்தே கைமாற வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. முன்னோர் நடந்து வந்த திசையிலே அவர்கள் திரும்பிச் சென்றனர். எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. அதற்கிடையில் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது.

நெருக்கடி வரும்போதெல்லாம் உலகம் துவிச்சக்கர வண்டியை நினைத்துக்கொள்கிறது. 1942இல் மலாயா வீழ்ந்தபோது, நேச நாடுகளின் றப்பர் ஊற்றாக இலங்கை விளங்கிற்று. அந்த மலாயாவினூடே முன்னேறிய ஜப்பானியப் படையினரிற் பலர் துவிச்சக்கர வண்டியிலே சென்றனர் என்பது சரித்திரத்தின் வேடிக்கை. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில், நோயாளியும் நெல் மூட்டையும் விறகும் மிதிகட்டையின் வலிமையாலேயே ஊர்ந்தன. 2022இல் நாடு முழுவதற்கும் அந்நிலை வந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. கொழும்பில் கந்தோருக்குச் செல்வோர் துவிச்சக்கர வண்டி தேடி அலைந்தனர். அதன் விலை மிகவும் ஏறிற்று. சமநிலத்தாருக்கு அது கைகொடுத்தது. மலைமேல் வாழ்வோருக்கு அவ்வாறன்று. பஸ் நின்றால் அவர்களுக்கு மிஞ்சியது பழைய நடை ஒன்றே.

இன்றைய மடுல்சீமையின் காலைப்பொழுது, தோட்டத்துக்குள் நடப்போரின் பொழுது மட்டுமன்று. லயத்திலே பிறந்த பிள்ளைகளுட் பலர் ஆசிரியராகவும் தாதியராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் கந்தோர்ப் பணியாளராகவும் பசறைக்கும் பதுளைக்கும் நாள்தோறும் இறங்குகின்றனர். தோட்டத்துக்கு வெளியே வேலை என்பது அவர்தம் பாட்டனுக்கு எட்டாத விடுதலை. அந்த விடுதலைக்கு அவர்கள் கொடுக்கும் விலை, குறுகிய மலைப்பாதையில் நெரிசல் மிக்க பஸ்ஸும் முச்சக்கர வண்டியுமாகும். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் வீழ்ந்தது. பாறை சரிந்து பாதி வழியை அடைத்திருந்த இடம் அது. 14 உயிர்களுக்கு மேல் அன்று பலியாயின. வீட்டிலிருந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை லயங்கள் மண்ணோடு மண்ணாகப் புதைந்ததை நாடு இன்னும் மறக்கவில்லை. வேலைக்கு அருகிலே என்று பழங்காலத்தில் தெரிந்தெடுத்த சரிவுகள், குடியிருப்புக்கு ஏற்ற நிலமா என்று கேட்கப்பட்டவை அல்ல.

குளிரும் வாகன நெரிசலும் துவிச்சக்கர வண்டிக்குப் பகை என்று சிலர் சொல்வர். பிற நாடுகளின் அனுபவம் வேறு கூறுகிறது. பின்லாந்திலே வடதுருவ வட்டத்துக்கு அண்மையிலுள்ள ஊலு நகரில், பனி மூடிய குளிர்காலத்திலும் பிள்ளைகள் பாடசாலைக்குத் துவிச்சக்கர வண்டியில் செல்கின்றனர். தென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரத்தார், பனி பெய்தால் முதன்மையான துவிச்சக்கர வண்டிப் பாதைகளை முந்தித் துப்புரவாக்குகின்றனர். ஒல்லாந்து நாட்டிலும் இந்த வசதி இயற்கையாக அமைந்துவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்களால் குழந்தைகள் மாண்டதைக் கண்டு தாய் தந்தையர் வீதிக்கு வந்து போராடினர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் உடன் சேர்ந்தது. அதன் பின்னரே தனிப்பாதைகள் பெருகின. இந்நாடுகளிற் பெரும்பாலான நிலம் சமநிலம் என்பது உண்மையே. எனினும் அவை காட்டும் பாடம் ஒன்று உண்டு. குளிர் ஒருவரையும் வீட்டில் நிறுத்திவிடுவதில்லை. பாதை இல்லாமையே நிறுத்துகிறது. பாதையோ வானத்திலிருந்து விழுவதன்று. கேட்பவர் கேட்டால்தான் அது கிடைக்கும்.

மடுல்சீமைக்கு ஒல்லாந்துப் பாதை பொருந்தாது. செங்குத்தான சரிவிலே மிதிவண்டியை எல்லோரும் ஓட்டிவிடவும் முடியாது. ஆனால் வழுக்காத படிக்கட்டு, மழைநீர் ஓடிப்போகும் கான், வளைவிலே தடுப்புச் சுவர், பாதையோரத்தில் நடப்பவனுக்கு ஓரடி இடம், விடியுமுன் வரும் ஒரு பஸ் ஆகியவற்றுக்கு மலை ஒரு தடையன்று. லயத்தை விட்டு வெளியேறித் தமக்கெனச் சிறு காணித்துண்டும் தனி வீடும் பெற்ற குடும்பங்கள் இன்று மலைநாட்டில் உள்ளன. தனி வீட்டுக்கு ஒரு முகவரி வேண்டும். முகவரிக்கு ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை தோட்டத்தின் தயவில் இல்லாத பொதுப்பாதையாக இருத்தல் வேண்டும். 150 ஆண்டுகளாக இந்நாட்டின் செல்வம் அந்த மலையிலிருந்து லொறியிலும் புகையிரதத்திலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கொய்து கூடையில் இட்ட கைகளுக்குரியவர்கள் ஏறும் வழி, சரித்திரத்தின் கணக்கில் இனியாவது எழுதப்படல் வேண்டும்.